ரோல் நம்பர் 23 எங்கே?

"ஒண்ணு..."

"உள்ளேன் ஐயா!"

"ரெண்டு..."

"உள்ளேன் ஐயா!"

எல்லாம் 36, 37 வயசு ஆளுங்க. ஒருத்தருக்கு முன்வழுக்கை, இன்னொருத்தருக்குத் தொப்பை, ஒரு அம்மா மடியில் கைக்குழந்தை. இவங்க ஒவ்வொருத்தரா எழுந்து, கையைக் கட்டிக்கிட்டு 'உள்ளேன் ஐயா' சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும்தானே? எனக்கும் முதல் பத்து நம்பர் வரைக்கும் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாப் போச்சு!

2023-ம் வருஷம். சித்திரை பிறந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளியனூரில் ஒரு சின்ன கல்யாண மண்டபம். வாசலில் ஃபிளெக்ஸ் பேனர். '2001-02 பத்தாம் வகுப்பு மாணவர்கள் சந்திப்பு'ன்னு கொட்டை எழுத்து. அதில் என் போட்டோ வேறு. எங்கிருந்து பிடிச்சாங்களோ, இருபத்தேழு வயசில் மீசையை முறுக்கிக்கிட்டு நின்ன போட்டோ. பார்த்ததும் எனக்கே என் மேல கொஞ்சம் பயம் வந்தது.

கிளியனூர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினா, ஏறக்குறைய பாதி வழியில் வரும். நாடு விடுதலை அடைந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராமசாமி ரெட்டியாரின் ஓமந்தூர் பக்கத்தில்தான். இப்போ நாலு வழிச் சாலையில் கார்கள் பறக்குது. நான் வேலைக்கு வந்த காலத்தில் சின்ன ரோடு, ரோட்டை ஒட்டி மல்லாட்டைக் கொல்லை. மல்லாட்டைன்னா நீங்க சொல்ற நிலக்கடலைதான். 'மணிலாக்கொட்டை' இந்தப் பக்கத்து வாயில் உருண்டு உருண்டு 'மல்லாட்டை' ஆயிடுச்சு.

அந்த மல்லாட்டைதான் இந்தக் கதையில் வில்லன். இல்லை இல்லை... வில்லன் நான். மல்லாட்டை சாட்சி.

சரி, அட்டெண்டன்ஸுக்கு வருவோம். நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போதே பசங்க சொல்லிட்டாங்க. "சார், நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்கணும். லிஸ்ட் தர மாட்டோம். ஞாபகத்துலேர்ந்து கூப்பிடணும்." நான் கணக்கு வாத்தியார். பேர் மறக்கும், நம்பர் மறக்காது. பதினொண்ணுன்னா லாங் ஜம்ப். பதினாறுன்னா கையெழுத்து முத்து முத்தா இருக்கும். பத்தொன்பது எப்பவும் லேட். இப்படியே போய்க்கிட்டிருந்தேன்.

"இருபத்திரண்டு..."

"உள்ளேன் ஐயா!"

"இருபத்திமூணு..."

சத்தமே இல்லை. மேலே ஃபேன் சுத்துற சத்தம் மட்டும்தான்.

"இருபத்திமூணு எங்கப்பா?"

பசங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. விழாவை ஏற்பாடு பண்ணின பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், அவன் பப்ளிக் எக்ஸாம் எழுதலயே சார். பாதியில நின்னுட்டான்ல? அதான் பேட்ச்ல சேக்கல."

நான் "சரி, இருபத்திநாலு"ன்னு அடுத்த நம்பருக்குப் போயிட்டேன். ஆனா மனசு அந்த நம்பரைத் தாண்டி வரவே இல்லை.

மல்லாட்டை எங்கே காய்க்கும்?

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னை. கடலையை மெரீனாவில் பொட்டலமா வாங்கித் தின்னதோட சரி. செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. கிளியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. பத்தாவது வரைக்கும்தான் அங்கே. திண்டிவனத்தில் ரூம் எடுத்துத் தங்கி, தினம் பஸ்ஸில் வந்து போவேன்.

2001, ஆவணி மாசம். அறிவியல் வாத்தியார் மெடிக்கல் லீவில் போயிட்டார். "ஒரு வாரம் நீங்க பாத்துக்கங்க சார்"னு ஹெச்.எம். சொல்லிட்டார். நமக்கென்ன, பத்தாவது பாடம்தானேன்னு தயாரிப்பே இல்லாமல் கிளாஸுக்குள்ளே போனேன். தாவரங்கள் பற்றிய பாடம். புத்தகத்தை மூடி வச்சிட்டு, உதாரணத்தை அள்ளி விட்டேன்.

"வேர்ல விளையறதுக்கு உதாரணம் சொல்றேன், எழுதிக்கங்க. கேரட், பீட்ரூட், வேர்க்கடலை..."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ரோல் நம்பர் 23.

"சார், மல்லாட்டை வேர்ல காய்க்காது சார்."

"வேர்க்கடலைன்னு பேர்லயே வேர் இருக்குல்ல?"

"எங்க ஊர்ல அதுக்கு மல்லாட்டைன்னுதான் சார் பேரு."

கிளாஸே கொல்லென்று சிரிச்சது. அவனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

அவன் கிண்டல் பண்ணலை. ரொம்ப அக்கறையாத்தான் சொன்னான். "பூவுலர்ந்து விழுது எறங்கி மண்ணுக்குள்ள போய்தான் சார் காய்க்கும். வேணும்னா நாளைக்குச் செடி எடுத்தாரன் சார்."

ஒரு நல்ல வாத்தியாரா இருந்தா, "எடுத்துட்டு வாடா ராஜா"ன்னு சொல்லியிருக்கணும். நான் பிரம்பை எடுத்தேன். ரெண்டு உள்ளங்கையிலும் ஆளுக்கு ரெண்டு. அடியோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய் சும்மா இல்லாமல், "நீ மல்லாட்டை புடுங்கத்தான்டா லாயக்கு, வெளிய போய் நில்லு"ன்னு கத்தினேன்.

அவன் போய் நின்னான். பெல் அடிக்கிற வரைக்கும் நின்னான்.

மறுநாள் காலையில் என் மேஜை மேல ஈரச் சாக்குத் துண்டில் சுத்தின ஒரு செடி இருந்தது. மஞ்சள் பூ. பூ இருந்த கணுவிலிருந்து ஊசி மாதிரி ஒண்ணு கீழ்நோக்கி இறங்கியிருந்தது. சிலதில் நுனி மண்ணுக்குள் போய் லேசா உப்பியிருந்தது. வேர் தனியா, அது பாட்டுக்கு இருந்தது. ஒரு பார்வை போதும், யார் சொன்னது சரின்னு தெரிஞ்சிபோச்சு.

கிளாஸ் மொத்தமும் என்னையே பார்த்துக்கிட்டிருந்தது. நான் செடியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுட்டு, "கணக்கு நோட்டை எடுங்க"ன்னேன்.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிச்சேன். பூ வாடினதும் அதோட சூலைச் சுமந்துக்கிட்டு ஒரு காம்பு பூமியை நோக்கி வளரும். அதைத்தான் விவசாயிங்க விழுதுன்னு சொல்றாங்க. மண்ணுக்குள்ளே போன பிறகுதான் நுனி காயாகும். அதனால்தான் 45-வது நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு, செடிக்கு மண் அணைக்கிறாங்க. மேல பூத்து, கீழ காய்க்கிற அதிசயப் பயிர் அது.

இன்னொரு விஷயமும் தெரிஞ்சது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்கே உருவான நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி.ன்னு பேர். அந்த டி.எம்.வி.ன்னா திண்டிவனம்! 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 ரகத்தை ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் விதைச்சிருக்காங்க. அப்பேர்ப்பட்ட மண்ணில் வந்து, மல்லாட்டை பற்றி நான் கிளாஸ் எடுத்திருக்கேன் பாருங்க!

காலாண்டுப் பரீட்சை முடிஞ்சது. லீவு முடிஞ்சது. 23 வரலை. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். நான்தான் கிளாஸ் டீச்சர். பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, 'நீண்ட நாள் வருகையின்மை'ன்னு எழுதினது இந்தக் கைதான்.

அடுத்த வருஷம் ஒரு நாள் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிப் பக்கம் போனேன். லாரியில் மூட்டை ஏத்திக்கிட்டிருந்தான். தலையில் துண்டு, தோளில் மல்லாட்டை மூட்டை. நான் சட்டென்று எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்குள் நுழைஞ்சி, வேண்டாத டீயைக் குடிச்சிட்டு, அவன் போன பிறகு வெளியே வந்தேன். என்னைப் பார்த்தானா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கைத்தட்டலுக்கு நடுவே...

மண்டபத்தில் ஒவ்வொருத்தரா மைக் பிடிச்சாங்க. ஒருத்தன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒருத்தன் ஆம்புலன்ஸ் ஓட்டறான். ஒருத்தன் சிங்கப்பூரிலிருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்திருந்தான். பெண் பிள்ளைகள் 19 பேர்ல 6 பேர்தான் வந்திருந்தாங்க. மத்தவங்க? "கல்யாணமாகிப் போயிட்டாங்க சார், நம்பர் கிடைக்கல"ன்னாங்க. இருபத்தி மூணோடு சேர்த்து இன்னும் 13 மௌனம்.

அப்புறம் பதினாறாம் நம்பர் எழுந்தாள். முத்து முத்தா எழுதுவாளே, அவள்தான். இப்போ அவளும் டீச்சர். அப்துஸ் சலாம் கதையைச் சொன்னாள். 1979-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கின பாகிஸ்தான் விஞ்ஞானி. லாகூரில் தனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த அனிலேந்திர கங்குலி எங்கே இருக்கார்னு தேடச் சொன்னார். தேசம் பிரிஞ்சபோது அவர் கல்கத்தாவுக்கு வந்துட்டிருந்தார். 1981-ல் சலாம் அந்த வீட்டுக்கே போய், படுக்கையில் கிடந்த கிழவர் கையில் நோபல் மெடலை வச்சி, 'இது உங்களுடையது'ங்கிற மாதிரி வணங்கினார்.

மண்டபமே கைதட்டியது. என் தோளில் சால்வை போட்டாங்க.

எனக்கு அந்தச் சால்வை கம்பளி மாதிரி கனத்தது. காரணம், அந்த நேரத்தில் எனக்கு வேறொரு வாத்தியார் ஞாபகம் வந்தார். லூயி ஜெர்மான். அல்ஜீரியாவில் ஒரு சாதாரண ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவர்கிட்டே படிச்ச ஏழைப் பையன் ஒருத்தன். அப்பா முதல் உலகப் போரில் செத்துட்டார். அம்மா வீட்டு வேலை செய்து பிழைக்கிறாள். பையனை வேலைக்கு அனுப்பணும்ங்கறாங்க பாட்டி. ஜெர்மான் அந்த வீட்டுக்கே போய், பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வச்சி, இலவசமா டியூஷன் எடுத்து, ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுத வச்சார். அந்தப் பையன்தான் ஆல்பர்ட் காம்யு. 1957-ல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு கிடைச்சதும், அம்மாவுக்கு அடுத்தபடியா நினைச்சது உங்களைத்தான்னு அந்த வாத்தியாருக்குக் கடிதம் எழுதினார்.

ஸ்டூடண்ட் நோபல் வாங்கறது வாத்தியார் கையில் இல்லை. ஆனா ஒரு வீட்டுப் படி ஏறுறது வாத்தியார் கால்ல இருக்கு. ஜெர்மான் ஏறினார், நான் ஏறலை. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரியாணி பரிமாற ஆரம்பிச்சாங்க. நான் ஆம்புலன்ஸ் பையனைத் தனியா கூப்பிட்டேன். "இருபத்திமூணு வீடு தெரியுமாடா?"

"தெரியும் சார். கொல்லையிலதான் இருப்பான். மல்லாட்டை பிடுங்கறாங்க."

"வண்டியை எடு."

ரோட்டுப் பக்கம் நின்ன பையன்

வேப்பமர நிழலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமா உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துக்கிட்டிருந்தாங்க. கொஞ்சம் தள்ளி ஒரு பொண்ணு மடியில் புத்தகம் வச்சிருந்தது. கிணற்று மேட்டிலிருந்து லுங்கியை இறக்கி விட்டுக்கிட்டு ஓடி வந்தான் அவன். மீசை நரைக்க ஆரம்பிச்சிருந்தது. கண் மட்டும் அதே கண்.

"சார்... நீங்க இன்னா சார் இவ்ளோ தூரம்? சொல்லியனுப்பி இருந்தா நானே வந்திருப்பன்ல?"

"உன்னை யாரும் கூப்பிடலையேப்பா."

"நான்தான் பரீட்சை எழுதலயே சார்." ரொம்ப இயல்பா, அது நியாயம்தாங்கிற மாதிரி சொன்னான்.

22 வருஷமா மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்துபோச்சு. அத்தனை பேருக்கு முன்னால்தானே அடிச்சேன், இங்கேயும் நாலு பேர் இருக்கும்போதே சொல்லிடலாம்னு தோணுச்சு. "அன்னிக்கு நீ சொன்னதுதான்பா சரி. நான் சொன்னது தப்பு. அடிச்சது அதைவிடத் தப்பு. நீ கொண்டாந்த செடியைக் குப்பையில போட்டேன் பாரு, அது எல்லாத்தையும்விடத் தப்பு. என்னை மன்னிச்சிடுப்பா."

காய் ஆய்ந்துக்கிட்டிருந்த கைகள் எல்லாம் நின்னுடுச்சு. அவன் சம்சாரம் பதறிப் போய் எழுந்து, "உக்காருங்க சார், மொதல்ல தண்ணி குடிங்க"ன்னு சொம்பை நீட்டினாங்க.

அவன் சிரிச்சான். "வுடுங்க சார். அடிக்கெல்லாம் யாராவது ஸ்கூலை வுடுவாங்களா? எல்லா சாரும்தான் அடிச்சாங்க. அந்த வருசம் எங்கப்பாவுக்கு ஒடம்பு முடியல. கடன் வேற. எப்டியும் நிக்கறதாத்தான் இருந்தன்."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்பாடா, காரணம் நான் இல்லை!

அவன் இன்னும் முடிக்கலை.

"ஆனா ஒண்ணு சார். நீங்க வந்து கூப்புடுவீங்கன்னு ஒரு மாசம் பாத்தன். சாயந்தரம் நீங்க போற பஸ்ஸு வர்ற நேரத்துக்கு ரோட்டுப் பக்கமாத்தான் நிப்பன். கூப்புட்டா அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துரலாம்னு..."

தினமும் அந்த பஸ்ஸில்தான் போனேன். ஜன்னலோரம்தான் உட்காருவேன்.

அடியை அவன் மறந்துட்டான். நான் வராததை மறக்கலை. இத்தனை வருஷமும் தப்பான கணக்குக்கு விடை தேடிக்கிட்டிருந்திருக்கேன், கணக்கு வாத்தியார்!

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மனசு நோகப் பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. நல்ல சட்டம். கையைக் கட்டிப் போட்டுடுச்சு. காலை நடக்க வைக்கறது மட்டும் நம்மகிட்டேதான் இருக்கு.

அந்தப் பொண்ணு அவனோட மகள். பத்தாவது பரீட்சை எழுதிக்கிட்டிருந்தது. "பாப்பா, சார் பெரிய கணக்கு வாத்தியார். இன்னா டவுட்டு இருந்தாலும் கேளு"ன்னான். கணக்குப் பரீட்சைதான் முடிஞ்சிடுச்சாம், அடுத்தது அறிவியலாம். "அறிவியல்னா உங்கப்பாகிட்ட கேளும்மா. அவர்தான் கரெக்டா சொல்வார்"னேன். இந்தத் தடவை எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

கிளம்பும்போது ஒரு பை நிறைய பச்சை மல்லாட்டை. "அவிச்சித் துன்னுங்க சார். மண்ணு இருக்கும், நல்லா கழுவிக்கங்க."

நான் இப்போ வேற ஊரில், வேற பள்ளியில் இருக்கேன். மூணு நாள் ஒரு பிள்ளை வரலைன்னா, நாலாவது நாள் சாயந்திரம் என் டூவீலர் அந்த வீட்டு வாசலில் நிற்கும். போன எல்லா வீட்டுப் பிள்ளையும் திரும்பி வந்துடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். வராத பிள்ளைங்களும் உண்டு. ஆனா, 'யாருமே வந்து கூப்பிடலை'ன்னு அதுங்க சொல்ல முடியாது.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. காலேஜில் படிக்கிறீங்க. நாளைக்கு நீங்களும் கெட்-டுகெதர் வைப்பீங்க. குரூப் ஆரம்பிப்பீங்க, கலர் கலரா டி-ஷர்ட் அடிப்பீங்க. சந்தோஷம்! வாத்தியாரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, செகண்ட் செமஸ்டரோடு நின்னவன் இருப்பானே, ஃபீஸ் கட்ட முடியாமல் போனவன், கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டாங்கன்னு காணாமல் போனவள், அவங்களுக்கு முதல் போனைப் போடுங்க. அதுக்குப் பதினைந்து இருபது வருஷம் காத்திருக்கவும் வேணாம். பக்கத்து சீட் ஒரு வாரமா காலியா இருந்தா, இன்னிக்கு சாயந்திரமே போடலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நான் பஸ்ஸில் வந்துக்கிட்டிருந்தபோது, எங்க வாட்ஸ்அப் குரூப்பில் புதுசா ஒரு நம்பரைச் சேர்த்தாங்க. அந்த நம்பரிலிருந்து முதலில் ஒரு போட்டோ வந்தது. வேரோடு பிடுங்கின மல்லாட்டைச் செடி. விழுது விழுதா, காய் காயா தொங்குது.

கீழே ரெண்டே வார்த்தை.

"உள்ளேன் ஐயா."